வெளிநாட்டில் நிதித்துறை வேலை: துபாய், சிங்கப்பூர் செல்வோருக்கான கேள்வி பதில்

நான் ஒரு பட்டயக் கணக்காளர். துபாயில் ஏழு ஆண்டுகளும் சிங்கப்பூரில் ஐந்து ஆண்டுகளும் பணியாற்றிவிட்டுத் திருச்சிக்குத் திரும்பியிருக்கிறேன். வந்த கேள்விகளில் இந்த இரண்டு ஊர்களைப் பற்றியவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இரண்டு இடங்களிலும் நாம் தங்கும் உரிமை வேலையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. சிங்கப்பூரில் வேலை அனுமதி ரத்தானால் பொதுவாக 30 நாட்களுக்கான தற்காலிக அனுமதியே கிடைக்கும். துபாய் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில் விசா வகைக்கு ஏற்ப அவகாசம் கூடும், குறையும். ஆகவே வேலையில் சேரும் நாளைப் போலவே வேலை முடியும் நாளையும் மனத்தில் வைத்துத்தான் எதையும் கணக்கிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சென்னையிலிருந்து, தணிக்கை நிறுவனமொன்றில் ஆறு ஆண்டு அனுபவமுள்ளவர்: அக்கா, துபாயில் மாதம் 15,000 திர்ஹாம் தருவதாகச் சொல்கிறார்கள். வருமான வரியே இல்லை என்பதால் யோசிக்காமல் ஒப்புக்கொள்ளலாமா?

சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் 15,000 என்ற மொத்தத் தொகையை ஒதுக்கி வைத்துவிட்டு, அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதை முதலில் பாருங்கள். அமீரகத் தொழிலாளர் சட்டப்படி, முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகச் சேரும்; அதற்குப் பிறகு ஆண்டுக்கு 30 நாள். அடிப்படை 9,000 என்றால் ஒரு நாளுக்கு 300, ஆண்டுக்கு 6,300, ஐந்து ஆண்டுகளுக்கு 31,500 திர்ஹாம். அதே 15,000-இல் அடிப்படையை 6,000 என்று எழுதி, மீதியைப் படிகளாகப் பிரித்திருந்தால் ஐந்து ஆண்டு முடிவில் 21,000தான் வரும். மாதந்தோறும் கைக்கு வரும் பணம் ஒன்றேதான். ஊர் திரும்பும்போது 10,500 குறைந்துவிடுகிறது. வேலை துபாய் சர்வதேச நிதி மையத்துக்குள் என்றால் முறை வேறு: அங்கே 2020 முதல் முதலாளி மாதந்தோறும் ஒரு சேமிப்புத் திட்டத்தில் பணம் செலுத்துகிறார்.

அடுத்தது, போய் இறங்கும் மாதத்தின் செலவு. கணக்குக்காக ஆண்டு வாடகை 60,000 என்று வைத்துக்கொள்வோம். துபாயில் வாடகையைப் பின்னால் வரும் தேதிகளிட்ட காசோலைகளாகக் கொடுப்பதே பரவலான வழக்கம். நான்கு காசோலைக்கு வீட்டுக்காரர் சம்மதித்தால் முதல் காசோலை 15,000, தரகு 5 விழுக்காடு என்றால் 3,000, முன்பணம் இன்னொரு 3,000, துபாயின் மின்சார, நீர் வாரியமான தேவாவுக்கு வைப்புத்தொகை 2,000. முதல் சம்பளம் வருவதற்குள்ளாகவே 23,000 திர்ஹாம் வேண்டும். பிறகு வாடகையில் 5 விழுக்காடு வீட்டுக் கட்டணமாக, மாதம் 250 என்று, தேவா பில்லோடு சேர்ந்து வந்துகொண்டிருக்கும். நான் போன புதிதில் கராமாவில், நான்கு பெண்கள் தங்கியிருந்த அறையில் ஒரு பெட் ஸ்பேஸ், அதாவது ஒரு கட்டிலுக்கான இடம் மட்டும், வாடகைக்கு எடுத்து மூன்று மாதம் இருந்தேன். கட்டிலுக்கு அடியில் பெட்டி, சுவரில் ஆளுக்கொரு ஆணி, சமையலறையில் ஆளுக்கொரு அலமாரித் தட்டு. அந்த மூன்று மாதங்கள் இருந்ததால்தான் கடன் வாங்காமல் வீடு எடுக்க முடிந்தது.

கடனைப் பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். சம்பளம் ஏறத் தொடங்கியதும் வங்கிகள் தாமாகவே அழைத்துக் கடன் அட்டையும் தனிநபர் கடனும் தரும். கட்டாத கடனுக்கு அங்கே நீதிமன்றம் வழியாகப் பயணத் தடை வரலாம். வேலை போய், விசாவும் முடியப்போகும் நேரத்தில் கடனும் இருந்தால் ஊருக்குத் திரும்பும் வழியே அடைபட்டுவிடும். கடனில்லாமல் ஆறு மாதச் செலவுக்கான பணம் சேரும் வரை காரோ பெரிய வீடோ வேண்டாம்.

மதுரையிலிருந்து, பி.காம்., சி.எம்.ஏ. இன்டர் முடித்தவர்: சி.ஏ. (பட்டயக் கணக்காளர் தகுதி) இல்லாமல் துபாயில் நல்ல வேலை கிடைக்குமா?

கிடைக்கும். அமீரகத்தில் 2018 ஜனவரியில் 5 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி வந்தது. 2023 ஜூன் முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு, 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்தின் மீது 9 விழுக்காடு நிறுவன வரியும் வந்துவிட்டது. அதற்கு முன் கணக்கை ஏனோதானோ என்று வைத்திருந்த வணிக நிறுவனங்களுக்குக்கூட இப்போது வரிக்கணக்கு அறிந்த ஆள் தேவைப்படுகிறது. ஜி.எஸ்.டி. தாக்கல் செய்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் சுயவிவரத்தின் முதல் வரியிலேயே அதை எழுதுங்கள். சர்வதேச நிதி அறிக்கைத் தரங்களைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: சிங்கப்பூரில் நண்பர் வேலை செய்யும் நிறுவனத்தில் பெரும்பாலும் நம் ஆட்கள்தான். அங்கே எனக்கு எளிதில் இடம் கிடைக்கும் என்கிறார். அது சரிதானா?

நேர்காணல் எளிதாக இருக்கலாம். அனுமதி கிடைப்பது கடினமாகிவிடும். 2023 செப்டம்பர் முதல் அலுவலர் நிலை வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குப் புதிதாக விண்ணப்பிப்பவர்கள் காம்பஸ் என்ற புள்ளி முறையில் 40 புள்ளிகள் பெற்றாக வேண்டும். சம்பளம், கல்வித்தகுதி, நிறுவனத்தில் உங்கள் நாட்டவரின் பங்கு, உள்ளூர்வாசிகளுக்கு அந்த நிறுவனம் தரும் வேலை ஆகிய நான்கு அளவுகோல்களில் ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20 புள்ளிகள். நிறுவனத்தின் அலுவலர் நிலைப் பணியாளர்களில் இந்தியர்கள் கால் பங்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் மூன்றாவது அளவுகோலில் உங்களுக்குக் கிடைப்பது பூஜ்யம். 25 பேருக்குக் குறைவான அலுவலர்கள் உள்ள சிறு நிறுவனத்துக்கு நிறுவனம் சார்ந்த அந்த இரண்டு அளவுகோல்களிலும் தானாகவே 10 வீதம் கிடைக்கும். அதனால், நம்மவர்கள் குறைவாக உள்ள இடத்தையோ சிறு நிறுவனத்தையோ தேடுவது உங்களுக்கு நல்லது.

இந்தப் புள்ளிகளுக்கு முன்பாகவே குறைந்தபட்சச் சம்பளம் என்ற வாசல் இருக்கிறது. 2025 ஜனவரி நிலவரப்படி நிதித்துறைக்கு அது மாதம் 6,200 சிங்கப்பூர் வெள்ளி. வயது ஏற ஏறத் தொகையும் ஏறி, 45 வயதில் 11,800 ஆகிறது. நாற்பதைக் கடந்து விண்ணப்பிப்பவர்கள் இதைப் பார்க்காமல் பல மாதங்களை வீணாக்குகிறார்கள். சென்னையில் ஒரு பன்னாட்டு வங்கியின் சேவை மையத்தில் இருப்பவர்கள் வெளியே தேடுவதற்கு முன் உள்ளேயே இடமாற்றம் கேட்டுப் பாருங்கள். நான் கண்ட வழிகளில் அதுவே சீரானது, ஏனென்றால் உங்கள் வேலையை ஏற்கெனவே அறிந்த மேலாளர் ஒருவர் அங்கே உங்களுக்காகப் பேசுவார்.

நாகர்கோவிலிலிருந்து ஒருவர்: துபாயில் கணக்காளர் வேலை என்று மின்னஞ்சலில் நியமனக் கடிதம் வந்திருக்கிறது. நேர்காணல் நடக்கவில்லை. விசா செலவுக்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். அமீரகச் சட்டப்படி ஆளெடுக்கும் செலவும் விசாச் செலவும் முதலாளியுடையவை. அவற்றைப் பணியாளரிடம் வாங்கக் கூடாது. நம் நாட்டில் பதிவுபெற்ற முகவர்கள் யார் என்பதை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர்களும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாய்க்கும் வரிக்கும் மேல் வாங்க முடியாது. வருகை விசாவில் வாருங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி உடனே வேலையில் அமர்த்துபவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். அனுமதியின்றி வேலைக்கு வைப்பவர்களுக்கு 2024-இல் அபராதத்தை ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹாம் வரை உயர்த்தியிருக்கிறார்கள். சோதனையில் மாட்டினால் நீங்களும் தப்ப முடியாது.

சேலத்திலிருந்து ஒரு வாசகி: கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. நான் வங்கியில் பணிபுரிகிறேன். அங்கே போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்று ராஜினாமா செய்யலாமா?

அவசரப்பட வேண்டாம், அம்மா. கணவரின் சம்பளம் 6,000 வெள்ளியோ அதற்கு மேலோ என்றால், குடும்பத்தினருக்கான டிபென்டன்ட்ஸ் பாஸில் நீங்கள் போகலாம். ஆனால் 2021 மே முதல், அந்தப் பாஸை வைத்திருப்பவர் வேலை பார்க்க வேண்டுமானால் தனக்கென்று தனி வேலை அனுமதி பெற வேண்டும். முன்பு இருந்த எளிய ஒப்புதல் கடித முறை, சொந்தத் தொழில் நடத்தும் சிலரைத் தவிர மற்றவர்களுக்கு இல்லை. எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றால் மேலே சொன்ன சம்பள வாசலையும் புள்ளிகளையும் நீங்களும் தனியாகக் கடக்க வேண்டும். துபாயில் கணவரின் விசாவில் இருந்தபடியே வேலை அனுமதி மட்டும் பெற்றுப் பணியாற்ற வழி உண்டு. வங்கியில் ஊதியமில்லா விடுப்புக்கு இடமிருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். பத்து ஆண்டு வேலை பார்த்த பெண்கள் நான்கு சுவருக்குள் மனம் ஒடிந்துபோனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சம்பளக் கணக்கில் அது எந்த வரியிலும் வராது.

ஈரோட்டிலிருந்து ஒருவர்: வேலையில் சேரும் தேதியை நானே சொல்லலாம் என்கிறார்கள். எந்த மாதம் நல்லது?

இந்தியாவில் வேறு பெரிய வருமானம் இல்லையென்றால் செப்டம்பர் 20-க்குள் கிளம்பிவிடுங்கள். ஏப்ரல் 1 முதல் எண்ணினால் இங்கே நீங்கள் இருந்தது 173 நாட்கள். வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக இங்கே இருந்தால் வரிக்கணக்கில் குடியிராதவர் (என்.ஆர்.ஐ.) ஆவார். அங்கே ஈட்டும் சம்பளத்துக்கு இங்கே வரி வராது. இடையில் தீபாவளிக்கு, பொங்கலுக்கு என்று வந்து தங்கும் நாட்களும் கணக்கில் சேரும் என்பதை மறந்துவிடாதீர்கள். போனதும் உங்கள் சேமிப்புக் கணக்கை, குடியிராதவரின் இந்திய வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லுங்கள். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்குத் தனியாக என்.ஆர்.இ. கணக்கு தொடங்குங்கள்; அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை.

தஞ்சாவூரிலிருந்து ஒருவர்: பெற்றோருக்கு எழுபது வயது, நான் ஒரே பிள்ளை. போகலாமா என்பதையே முடிவு செய்ய முடியவில்லை. நீங்கள் ஏன் திரும்பினீர்கள்?

என் தந்தைக்கு இரண்டாவது முறை மாரடைப்பு வந்தபோது நான் சிங்கப்பூரில் இருந்தேன். திருச்சிக்கு நேரடி விமானம், நான்கு மணி நேரப் பயணம். ஆனால் மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டவர் பக்கத்து வீட்டு மாமாதான். பெற்றோரை நீண்டகால அனுமதியில் அழைத்துக்கொள்ளச் சிங்கப்பூரில் மாதம் 12,000 வெள்ளி சம்பளம் வேண்டும். எனக்கு அப்போது அது இல்லை. அந்த ஆண்டே விலகினேன். வெளிநாட்டவர் வேலையை விட்டுப் போகும்போது முதலாளி ஒரு மாதம் முன்பே வரித்துறைக்குத் தெரிவித்து, வரி தீரும் வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அதை அறியாததால் விமானச் சீட்டுக்கு அக்காவிடம் பணம் வாங்கினேன்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்கு மருத்துவமனைக்கு அழைத்துப்போகக்கூடிய ஒருவரின் பெயரை இப்போதே எழுத முடிகிறதா என்று பாருங்கள். அவரிடம் நேரில் பேசி, சம்மதம் வாங்கி, மருத்துவக் காப்பீட்டு அட்டையின் நகலையும் அவரிடம் கொடுங்கள். அப்படியொருவர் இல்லையென்றால், அவரைக் கண்டுபிடிக்கும் வரை பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

விழுப்புரத்திலிருந்து ஒருவர்: சான்றிதழில் முதலெழுத்து மட்டுமே இருக்கிறது. கடவுச்சீட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கிறது. சிக்கல் வருமா?

வரக்கூடும், நம் ஊர்க்காரர்களுக்கு அடிக்கடி வருகிறது. இரண்டு பெயர்களும் ஒருவருடையவையே என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை இங்கேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பெயர் இடம் காலியாக, ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டை வருகை விசாவுக்கு ஏற்பதில்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது; தந்தை பெயர் வேறு பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. பட்டச் சான்றிதழுக்கு முதலில் மாநில அரசின் சான்று, பிறகு நம் வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியாக அங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாக முத்திரை பெற வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம், ஆகையால் நேர்காணல்களுக்குப் போகத் தொடங்கும்போதே முதல் முத்திரைக்குக் கொடுத்துவிடுங்கள்.