ஷோரூமில் சொன்ன தவணை ஒன்று, வங்கி போட்ட தவணை வேறு

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “புது கார் எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. ஷோரூமிலேயே வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தார்கள். 8 லட்சம் கடன், ஐந்து வருடம், 9.25 சதவீத வட்டி, மாதம் 16,700 ரூபாய் என்று விற்பனையாளர் எழுதியே காட்டினார். நேற்று வங்கியிலிருந்து வந்த எஸ்.எம்.எஸ்.ஸில் தவணை 17,994 என்று இருக்கிறது. கேட்டால், ‘பேங்க்ல அப்படித்தான் சார் போடுவாங்க’ என்கிறார். அவசரத்தில் பல தாள்களைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், ஓ.டி.பி.யும் சொன்னேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? தவணையை நிறுத்தினால் வழிக்கு வருவார்களா?”

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். வண்டி உங்கள் பெயரில் பதிவாகிவிட்டால் ஷோரூமுக்கு அது பழைய வண்டி. பிடிக்கவில்லை என்பதற்காக இத்தனை நாளுக்குள் காரைத் திருப்பித் தரலாம் என்று நம் ஊரில் பொதுவான சட்ட உரிமை எதுவும் இல்லை. அது போக, கடன் உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலான தனி ஒப்பந்தம். வங்கி ஷோரூமுக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது. வண்டி எங்கே நின்றாலும் கடன் உங்கள் தலையில்தான்.

தவணையை நிறுத்துவது அதைவிட மோசம். கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் சிபில் மதிப்பெண் அடிபடும், அபராதக் கட்டணம் ஏறும். கணக்கில் பணம் இல்லாமல் தானியங்கிப் பற்று (தவணையை வங்கி தானாகவே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு) திரும்பினால், செக் பவுன்ஸ் போலவே அதற்கும் கிரிமினல் வழக்குப் போட 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா சட்டத்தில் 25-ஆவது பிரிவு இடம் தருகிறது. இப்போது நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் தவணையைக் கட்டிக்கொண்டே சண்டை போடுங்கள்.

சரி, அந்தக் கூடுதல் 1,290 ரூபாய் எங்கிருந்து வந்தது? இப்படி எழுதும் எல்லோரும் வட்டியைத்தான் திட்டுகிறார்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய சாங்ஷன் லெட்டர் (வங்கியின் கடன் ஒப்புதல் கடிதம்) படத்தில் இரண்டு விஷயங்கள் மாறியிருக்கின்றன. வட்டி 10.25 சதவீதம். கடன் தொகை 8,42,000. வட்டி ஒரு சதவீதம் கூடியதால் ஏறியது மாதம் ஏறக்குறைய 390 ரூபாய்தான். மீதி 900 ரூபாயும் நீங்கள் கேட்காமலே கடனில் சேர்த்த 42,000-க்கான தவணை. ஆக, பெரிய ஓட்டை வட்டியில் இல்லை, அசலில் இருக்கிறது. அதை அடைப்பதுதான் சுலபமும்கூட.

அந்த 42,000 என்ன? உங்கள் கடிதத்தில் உள்ளபடி கடன் பாதுகாப்பு இன்சூரன்ஸ் 28,500, பெயின்ட் கோட்டிங் உள்ளிட்ட பேக்கேஜ் 9,500, செயல்பாட்டுக் கட்டணம் (ப்ராசஸிங் ஃபீ) 4,000.

இன்சூரன்ஸைத் தொடுவோம். வண்டிக்கான இன்சூரன்ஸும் இதுவும் ஒன்றல்ல. புது காருக்கு மூன்று வருட மூன்றாம் தரப்புக் காப்பீடு சட்டப்படி கட்டாயம். கடன் பாதுகாப்பு என்பது, கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் மீதிக் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு. நல்ல விஷயம்தான், ஆனால் எந்தச் சட்டமும் அதைக் கட்டாயமாக்கவில்லை. உங்களுக்கு ஏற்கெனவே போதுமான டேர்ம் பாலிசி இருந்தால் இது வீண் செலவு. கடனில் சேர்த்துக் கட்டுவதால் 28,500 ரூபாய் பாலிசி, ஐந்து வருட முடிவில் 36,500 ரூபாய்க்கு மேல் விழுங்கிவிடும்.

ஆயுள் காப்பீட்டுப் பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் வரை ‘ஃப்ரீ லுக்’ காலம் உண்டு. அதற்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், முத்திரைத் தீர்வை, மருத்துவப் பரிசோதனை இருந்திருந்தால் அதன் செலவு, காப்பீடு நடப்பில் இருந்த நாட்களுக்கான தொகை ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். உங்களுக்குப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருக்கிறது. பாலிசி இன்னும் வரவில்லை என்றால் மெயிலின் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் தூங்கிக்கொண்டிருக்கும். விண்ணப்பத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நேராக அனுப்புங்கள், வங்கிக்கு நகல் போதும். ஷோரூம் பையனிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் அந்த முப்பது நாளும் ‘பாத்துட்டிருக்கோம் சார்’ என்றே ஓடிவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. திரும்பி வரும் தொகை பெரும்பாலும் கடன் கணக்குக்குத்தான் போகும். அப்படிப் போனால் தவணை தானாகக் குறையும் என்று நம்பாதீர்கள். ‘இந்தத் தொகையை அசலில் கழித்து, தவணையைக் குறைத்துப் புதிய அட்டவணை தரவும், இதற்குக் கட்டணம் பிடிக்கக் கூடாது’ என்று வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள்.

கோட்டிங் பேக்கேஜ் வங்கி விவகாரம் அல்ல, ஷோரூம் விவகாரம். வேலையே செய்யவில்லை என்றால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். செய்துவிட்டார்கள் என்றால் தனி இன்வாய்ஸ் கேளுங்கள். இன்வாய்ஸ் கேட்டதும் விலை இறங்குவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கிற அதிசயம்.

அடுத்தது வட்டி. 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு தரப்படும் புதிய சில்லறைக் கடன் எல்லாவற்றுக்கும் ‘முக்கிய விவர அறிக்கை’ என்ற கே.எஃப்.எஸ். தாளை வங்கியும் நிதி நிறுவனமும் கடன் வாங்குபவருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. கடன் தொகை, வட்டி, எல்லாக் கட்டணமும் சேர்ந்த மொத்த ஆண்டுச் செலவு விகிதம் எல்லாம் அதில் இருக்கும். உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், புரிந்தது என்று உங்களிடம் ஒப்புதலும் வாங்கியிருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிடிக்க முடியாது. விற்பனையாளர் எழுதிக் காட்டிய தாளைவிட இந்தத் தாளுக்குத்தான் மதிப்பு அதிகம். கே.எஃப்.எஸ்.ஸில் 9.25 என்று இருந்து ஒப்பந்தத்தில் 10.25 என்று இருந்தால் உங்கள் கை ஓங்கிவிடும். இரண்டிலும் 10.25 என்றே இருந்து, நீங்கள் ஓ.டி.பி. கொடுத்திருந்தால், வட்டியைக் குறைக்க வைப்பது கடினம்.

அப்படியானால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாமா என்று கேட்பீர்கள். உங்களுடையது நிலையான வட்டிக் கடன். முன்கூட்டியே முடித்தால் மீதி அசலில் 5 சதவீதம் என்று உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். 8 லட்சத்துக்கு அது 40,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. வேறு. ஒரு சதவீத வட்டி குறைந்தால் ஐந்து வருடத்தில் மிச்சமாவது 23,500 ரூபாய்தான். வேண்டாம், விடுங்கள். 2026 ஜனவரி 1 முதல் தனிநபருக்கு வழங்கும் மாறும் வட்டிக் கடன்களுக்கு இந்த முன்முடிப்புக் கட்டணம் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நிலையான வட்டிக் கடனுக்கு அந்தச் சலுகை இல்லை.

இன்றைக்கே வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு மெயில் போடுங்கள். அவர் தொலைபேசி எண்ணும் மெயில் முகவரியும் கே.எஃப்.எஸ்.ஸிலேயே இருக்கும். ஒப்பந்தத்தின் முழு நகல், கே.எஃப்.எஸ்., இன்சூரன்ஸ் விண்ணப்பம், எந்த ஓ.டி.பி. எதற்காக வாங்கப்பட்டது என்ற பதிவு ஆகியவற்றைக் கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். விற்பனையாளரின் தாளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் படமெடுத்து இணையுங்கள். கோபத்தைக் கொட்ட வேண்டாம், தேதியும் தொகையும் போதும்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. விவரத்துக்கு 14448. ஆனால் ஷோரூம் அவர் வரம்பில் வராது. அதற்கு நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் தஞ்சாவூரிலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த விலை 10 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் 200 ரூபாய்தான், பிரச்சினை நடந்ததிலிருந்து இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு.

இன்சூரன்ஸ் கடிதம் மட்டும் முதலில் போகட்டும். மற்ற எல்லாம் ஒரு மாதம் தாமதமானாலும் பிழைத்துக்கொள்ளலாம்.