பலகை 100 என்கிறது, கார் 40 என்கிறது

கேள்வி: மூன்று வருடம் ஓடிய கார் ஒன்றை வாங்கி நான்கு மாதம் ஆகிறது. சாலையின் வேக வரம்பை டாஷ்போர்டில் சிவப்பு வட்டத்துக்குள் காட்டும் வசதி அதில் உண்டு. ஆரம்பத்தில் சரியாகத்தான் காட்டியது. கல் தெறித்து விரிசல் விட்டதால் முன்கண்ணாடியை மாற்றினேன். அதன் பிறகு, நெடுஞ்சாலையில் 100 என்று பலகை நிற்கும் பகுதியில் கார் 40 காட்டுகிறது. சில நாள் வட்டமே வருவதில்லை. பலகைகளைப் படிக்கும் கேமராவையே மாற்ற வேண்டும் என்கிறது சர்வீஸ் சென்டர். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கண்ணாடி மாற்றும் வரை சரியாக இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதல் சந்தேகம் அங்கேதான் போக வேண்டும். கேமரா கெட்டிருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. அதற்கு முன் அது பார்க்கும் கோணத்தைப் பார்க்க வேண்டும்.

பின்னால் வரும் வண்டிகளைப் பார்க்கும் உள்கண்ணாடிக்கு அருகே, முன்கண்ணாடியோடு ஒட்டிய பிளாஸ்டிக் மூடிக்குள் அந்தக் கேமரா இருக்கிறது. கண்ணாடியைக் கழற்றி மாட்டும்போது அது ஒரே ஒரு டிகிரி திரும்பிவிட்டாலும், 50 மீட்டருக்கு அப்பால் அதன் பார்வை ஏறக்குறைய 87 சென்டிமீட்டர் விலகிப்போகும். அதனால்தான் கண்ணாடி மாற்றியதும் கேமராவுக்குக் காலிபரேஷன், அதாவது பார்வைக் கோணத்தைச் சரிபார்த்து அமைக்கும் வேலை, செய்யச் சொல்கிறார்கள். காரைச் சமதளத்தில் நிறுத்தி, முன்னால் குறித்த தூரத்தில் அடையாளப் பலகை ஒன்றை வைத்துச் செய்வது ஒரு வகை. காரின் கணினியோடு பேசும் ஸ்கேனர் கருவியை இணைத்துக்கொண்டு, கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் ஓட்டியே செய்வது இன்னொரு வகை. சில கார்களுக்கு இரண்டும் தேவைப்படும். கண்ணாடி மாற்றிய பில்லை எடுத்துப் பாருங்கள். காலிபரேஷன் என்று ஒரு வரி அதில் இல்லையென்றால், அந்த வேலை நடக்கவில்லை என்றே சந்தேகப்படலாம். ‘செய்துவிட்டோம்’ என்று வாயால் சொன்னால் அறிக்கையைக் கேளுங்கள். அப்படியே, மாட்டியிருப்பது கேமரா உள்ள ரகத்துக்கான கண்ணாடிதானா என்றும் கேட்டுவிடுங்கள். ஒரே மாடலில் கேமரா உள்ளதற்கும் இல்லாததற்கும் வேறு வேறு கண்ணாடி வருவது உண்டு.

சர்வீஸ் சென்டரிடம் கேட்க ஒரு கேள்வி: புதுக் கேமரா மாட்டினாலும் காலிபரேஷன் செய்தே ஆக வேண்டும் அல்லவா? அதைப் பழைய கேமராவில் முதலில் செய்து பார்த்தால் என்ன? இதற்குச் சரியான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

ஆனால் அந்த 40 எங்கிருந்து வந்தது? உங்கள் காரில் நேவிகேஷன் இருந்தால், இந்த எண்ணுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கேமரா பலகையைப் படிப்பது. மற்றொன்று, ஜிபிஎஸ் காட்டும் இடத்தை வைத்து வரைபடத்தில் பதிந்துள்ள வரம்பை எடுப்பது. இரண்டில் எது தவறு செய்கிறது என்று காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். பழகிய சாலையில் போங்கள். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, எண் எந்த இடத்தில் மாறுகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். பலகையைக் கடக்கும் நொடியில் மாறினால் அது கேமராவின் வேலை. பலகையே இல்லாத இடத்தில் மாறினால் வரைபடம். நெடுஞ்சாலையை ஒட்டியே சேவைச் சாலை ஓடும் இடங்களிலும், மேம்பாலத்திலும், நீங்கள் எந்தச் சாலையில் போகிறீர்கள் என்பதில் ஜிபிஎஸ் தடுமாறும். உங்கள் 40 அப்படிப் பக்கத்துச் சாலையின் 40 ஆக இருந்தால், புதுக் கேமரா மாட்டிய பிறகும் அதே 40 வந்து நிற்கும்.

வட்டமே வராத நாட்களுக்குக் காரணம் இன்னும் எளிதாக இருக்கலாம். கேமராவுக்கு நேர் முன்னால் வைப்பர் எட்டாத மூலை, உட்பக்கம் படிந்த பனிமூட்டம், காலையில் எதிர்வெயில், எதுவும் போதும். என் உறவினர் ஒருவர் இதற்காக இரண்டு முறை பணிமனைக்குப் போய்வந்தார். கடைசியில் பார்த்தால், பயணத்தைப் பதிவுசெய்ய அவரே ஒட்டிய குட்டிக் கேமராவின் ரப்பர் மூடிதான் பாதிப் பார்வையை மறைத்துக்கொண்டிருந்தது. 12 வோல்ட் பேட்டரி பலவீனமானாலும் இந்த மாதிரிச் சாதனங்கள் தாறுமாறாக நடந்துகொள்ளும். அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேமராதான் குற்றவாளி என்று அவர்கள் பிடிவாதமாக நின்றால், ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீட்டை எழுத்தில் வாங்குங்கள். ‘யு’ என்ற எழுத்தில் தொடங்கினால் அது சாதனங்களுக்கு இடையிலான தகவல் தொடர்புக் கோளாறு. ஒயரிலோ இணைப்பிலோகூடக் காரணம் இருக்கலாம்.

கேள்வி: என் கார் புதியது. முன்னால் போகும் லாரியின் பின்புறம் ஒட்டிய 80 ஸ்டிக்கரைப் படித்து, அதையே சாலையின் வரம்பாகக் காட்டுகிறது. ‘இது குறை அல்ல, இயல்பு’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: லாரி ஸ்டிக்கர் விஷயத்தில் அவர்கள் சொல்வது ஓரளவு நியாயம். சிவப்பு வட்டம், நடுவில் எண். கேமராவுக்கு அதுவும் பலகைதான். மழைக்கு மட்டும், இந்த மணி முதல் இந்த மணி வரை மட்டும் என்று பலகையின் கீழே சிறிதாக எழுதியிருப்பதும் சில கார்களுக்குப் புரியாது. மின்விளக்கில் ஒளிரும் பலகைகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிவதால், கேமராவின் படத்தில் பாதி எண் மட்டும் விழுவதும் உண்டு.

ஆனால் நல்ல வெளிச்சத்தில், ஒரே பலகையை ஒவ்வொரு முறையும் தவறாகப் படித்தால் அதை ‘இயல்பு’ என்று ஏற்காதீர்கள். இடம், நேரம், வானிலை, காரின் மென்பொருள் பதிப்பு எண், எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். படம் எடுப்பதைப் பக்கத்தில் இருப்பவர் செய்யட்டும். புதிய மென்பொருள் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். வாரண்டி முடிவதற்குள் புகார் பதிவாவது முக்கியம்; ‘குறை இல்லை’ என்பதையும் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வரைபடத்தைப் புதுப்பிக்கச் சந்தா கட்டச் சொல்கிறார்கள். தேவையா?

பதில்: முதல் பதிலில் சொன்ன சோதனையைச் செய்யுங்கள். கேமரா சரியாகப் படித்து, வரைபடம் மட்டும் பழைய வரம்பைச் சொன்னால் யோசிக்கலாம். அப்போதும், உங்கள் மாடலுக்கு இலவசப் புதுப்பிப்பு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: வேகத்தைத் தானே ஒரே அளவில் வைத்துக்கொள்ளும் க்ரூஸ் கன்ட்ரோலில் போகும்போது தவறான எண்ணை நம்பிக் கார் தானாக வேகத்தைக் குறைக்கிறது. என்ன செய்வது?

பதில்: இன்றே அமைப்புகளுக்குள் போய், வேக வரம்பைப் பின்பற்றும் தேர்வை அணையுங்கள். க்ரூஸ் கன்ட்ரோலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். காலியான சாலையில் 100-இலிருந்து திடீரென இறங்கும் காரைப் பின்னால் வருபவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். சர்வீஸுக்கு விடும்போது, வேலைச் சீட்டில் ‘எண் தவறாகத் தெரிகிறது’ என்று எழுதவிடாதீர்கள். ‘கார் தானாக வேகம் குறைக்கிறது’ என்று எழுதச் சொல்லி, அதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.