நீர்க்கடுப்புக்கு ரத்தப் பரிசோதனை தேவையா?

கேள்வி: இரண்டு நாளாக நீர்க்கடுப்பு. காய்ச்சல் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் சி.ஆர்.பி., புரோகால்சிட்டோனின், இ.எஸ்.ஆர். மூன்றையும் ஒரே பேக்கேஜாகத் தருகிறார்கள். எடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இவை மூன்றும் உடம்பில் தொற்றோ அழற்சியோ இருந்தால் ஏறும் ரத்த அளவுகள். தொற்று சிறுநீர்ப்பையோடு நிற்கும்வரை இவை பெரும்பாலும் ஏறுவதில்லை. ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல் என்று வரும், எரிச்சல் அப்படியே இருக்கும். ஏறியிருந்தாலும் உடம்பில் எங்கே தொற்று என்று அந்த எண் காட்டாது. நுரையீரலில் தொற்று வந்தாலும் சி.ஆர்.பி. ஏறும்.

எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று சொல்வது யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. மருத்துவர் கேட்டால் செலவை அதில் செய்யுங்கள். ஆனால் ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரையைப் போடுவதற்கு முன்பே மாதிரியைக் கொடுத்துவிட வேண்டும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது, பட்டால் விரலில் இருக்கும் கிருமியும் சேர்ந்து வளரும். உடனே கொடுக்க முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

குளிர்நடுக்கம், காய்ச்சல், வாந்தி, விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கம் வலி என்று வந்தால் கதையே வேறு. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அப்போது பேக்கேஜ் தேடாமல் நேராக மருத்துவரிடம் போங்கள். ரத்த அணுக்கள், சி.ஆர்.பி., சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், தேவைப்பட்டால் பிளட் கல்ச்சர் என்று அவரே எழுதித் தருவார். புரோகால்சிட்டோனின் சில மணி நேரத்திலேயே ஏறிவிடும். சிறு குழந்தைகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று கணிக்க அது உதவும். கர்ப்பிணிகள் காய்ச்சல் வரும்வரை காத்திருக்கவே கூடாது.

கேள்வி: மருந்து முடிந்ததும் திரும்ப ரத்தம் கொடுக்க வேண்டுமா?

பதில்: சாதாரண நீர்க்கடுப்பு சரியாகிவிட்டால் தேவையில்லை. சிறுநீரகத் தொற்றுக்குச் சிகிச்சை எடுப்பவர்களுக்குத்தான் சி.ஆர்.பி.யைத் திரும்பப் பார்ப்பார்கள். மருந்து தொடங்கிய முதல் நாளில் எண் இன்னும் கூடினால் பதற வேண்டாம், அது கொஞ்சம் தாமதித்துத்தான் இறங்கும். மருந்து பிடித்துவிட்டால், அதன் பிறகு ஒரு நாளுக்குள் கிட்டத்தட்டப் பாதியாகும்.

அப்புறம், முடிந்தவரை ஒரே கூடத்தில் எடுங்கள். ஒரு தாளில் 48, மறுநாள் வேறொரு கூடத்தின் தாளில் 4.8 என்று இருந்தால் குறைந்துவிட்டது என்றுதான் தோன்றும். எண்ணுக்குப் பக்கத்தில் பாருங்கள்: முதலாவது லிட்டருக்கு மில்லிகிராம், இரண்டாவது டெசிலிட்டருக்கு, அதாவது லிட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு, மில்லிகிராம். இரண்டும் ஒரே அளவுதான், துளியும் குறையவில்லை.