கரடிகளைச் சுடுவதை எதிர்த்து எழுத யாருக்கும் பணம் கட்ட வேண்டாம்

கேள்வி: அலாஸ்காவின் அங்கரேஜ் நகரில் வேலை விசாவில் இருக்கிறேன். கரிபு மான்கள் பெருக வேண்டும் என்று மாநில அரசே ஹெலிகாப்டரில் போய்க் கரடிகளைச் சுடுகிறது. இதை எதிர்த்து நான் எழுதலாமா? குடியுரிமை இல்லாதவர் எழுதினால் எடுபடாது, 75 டாலர் கொடுத்தால் தாங்களே பதிந்து தருகிறோம் என்கிறார் ஒருவர்.

பதில்: தாராளமாக எழுதலாம். 75 டாலர் உங்களிடமே இருக்கட்டும். இந்த விதிகளைப் போடுவது ‘போர்டு ஆஃப் கேம்’ என்ற மாநில வேட்டை வாரியம். அதற்குக் கருத்து அனுப்பக் குடியுரிமை கேட்பதில்லை, கட்டணமும் கிடையாது. இணையதளத்தில் படிவம் இருக்கிறது, தபாலிலும் அனுப்பலாம். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: எழுதியது உங்கள் பெயரோடு பொது ஆவணமாகிவிடும்.

பணம் வாங்கிக்கொண்டு பதிந்து தருவதாகச் சொல்பவர்களிடம் ஏமாறாதீர்கள். ஒரே கடிதத்தை நூறு பெயரில் அனுப்புவதுதான் இவர்கள் செய்யும் வேலை. அதில் முன்மொழிவு எண் (எந்த விதிமாற்றத்தைப் பற்றி எழுதுகிறோம் என்பதைக் காட்டும் எண்) இருக்காது, இருந்தாலும் போன வருடத்து எண்ணாக இருக்கும். நூறு பேர் கையெழுத்துப் போட்டாலும் படிக்கிறவருக்கு அது ஒரே கடிதம்தான். விலங்குகள் மீதுள்ள பாசத்தை வைத்துக் காசு பார்ப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

நீங்களே எழுதுங்கள். முதல் வரியில் முன்மொழிவு எண், அடுத்த வரியில் ‘எதிர்க்கிறேன்’, பிறகு உங்கள் காரணம். அரைப் பக்கம் போதும்.

காரணத்துக்குப் பஞ்சமில்லை. தென்மேற்கு அலாஸ்காவின் முல்சட்னா கரிபு மந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990களில் சுமார் 2 லட்சம் இருந்த மந்தை 2019 வாக்கில் சுமார் 13 ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. 2021 முதல் அதை வேட்டையாடத் தடை. மந்தையில் புருசெல்லோசிஸ் என்ற, கருச்சிதைவை உண்டாக்கும் தொற்றுநோய் இருக்கிறது, மேய்ச்சல் பற்றியும் கேள்விகள் இருக்கின்றன. ஆனால் பழி விழுந்தது கரடி, ஓநாய் மேல். 2023 வசந்தத்தில், கரிபுகள் கன்று ஈனும் நிலத்தின் மேல் மாநில மீன், வனவிலங்கு இலாகா ஆட்கள் பறந்து 17 நாளில் 94 பழுப்புக் கரடிகள், 5 கருங்கரடிகள், 5 ஓநாய்களைச் சுட்டார்கள். அங்கே எத்தனை கரடிகள் இருக்கின்றன என்ற சரியான கணக்கு கையில் இல்லாமலேயே! கன்றுகள் இப்போது கூடுதலாகப் பிழைக்கின்றன என்கிறது இலாகா. அது கரடியைச் சுட்டதால்தான் என்று எப்படிப் பிரித்துச் சொல்வார்கள்? நம் நீலகிரியிலும் வெள்ளைக்காரர் காலத்தில் இதே கதைதான். கடமான் குறைகிறது என்று செந்நாய்க்குத் தலைக்கு இவ்வளவு என இனாம் வைத்துச் சுட்டார்கள்.

வேட்டைக்காரர்களைத் திட்டி எழுதாதீர்கள். கரிபு இறைச்சியை நம்பி வாழும் யூப்பிக் பழங்குடிக் கிராமங்கள் அங்கே இருக்கின்றன. உங்கள் ஆட்சேபம் அரசின் திட்டத்தின் மேல்தான்.

அறிவிப்பையும் வரிவரியாகப் படியுங்கள். 2022 ஜனவரிக் கூட்டத்துக்கு வந்த முன்மொழிவு ஓநாயைப் பற்றியது. கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கரடியையும் சேர்த்துவிட்டார்கள். மக்களுக்கு முறையாக அறிவிக்கவில்லை, கரடிக் கணக்கும் இல்லை என்று 2025 மார்ச்சில் நீதிமன்றம் அந்தத் திட்டத்தைச் செல்லாது என்றது. போர்டில் இருக்கும் ஏழு பேரும் ஆளுநர் நியமித்து, சட்டமன்றம் ஒப்புதல் தந்தவர்கள். உயிரியல் நிபுணருக்கு என்று ஒரு நாற்காலிகூட ஒதுக்கவில்லை. ஒழுங்காக அறிவிக்கக்கூட ஒரு நீதிபதி சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கவனமாகக் கேளுங்கள். ‘அவசர விதி’ என்று போட்டால் வழக்கமான முன்னறிவிப்பு தேவையில்லை. அப்படிப்பட்ட விதி 120 நாள் வரை நிற்கும். தீர்ப்பு வந்த சில நாளிலேயே இந்த வழியைத்தான் பிடித்தார்கள். மே மாதம் நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை. அவசரம் என்றால் எதிர்பாராமல் வந்தது என்று அர்த்தம். பல வருடமாகக் குறைந்துவரும் மந்தை எப்படி எதிர்பாராததாகும்? மறுபடி ‘அவசரம்’ என்று அறிவிப்பு வந்தால், நோயையும் மேய்ச்சலையும் விட்டுவிட்டு இந்த ஒரு கேள்வியை மட்டும் எழுதுங்கள். அப்போது எடுபடும் வாதம் அதுதான். அவகாசமும் நாட்கணக்கில்தான் இருக்கும். போர்டின் மின்னஞ்சல் பட்டியலில் இன்றே சேர்ந்துவிடுங்கள்.

சரி, கடைசித் தேதியைத் தவறவிட்டால்? கூட்டத்துக்கு நேரில் போய்ப் பெயர் கொடுத்தால் சில நிமிடம் பேசலாம். அங்கேயும் முதலில் சொல்ல வேண்டியது முன்மொழிவு எண்.