இயற்பியலும் மனப்பாடமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தமிழ் வழியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். பத்தாம் வகுப்பில் அறிவியலில் 93 எடுத்தேன். இப்போது காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் 70க்கு 24. சமன்பாட்டைப் படிப்படியாகத் தருவிக்கச் சொல்லும் ஐந்து மதிப்பெண் வினாக்களை மனப்பாடமாக எழுதிவிடுகிறேன். கணக்கு வந்தால் எந்தச் சூத்திரத்தைப் போடுவது என்றே தெரிவதில்லை. எனக்கு இயற்பியல் வராதோ? டியூஷன் சேரலாமா?

எம்., தென்காசி மாவட்டம்

அன்புள்ள எம்.,

எந்தச் சூத்திரத்தைப் போடுவது என்று தேடுவதில்தான் சிக்கல். பத்தாம் வகுப்பு வரை அந்தத் தேடல் போதும். கொடுத்த எண்களைச் சூத்திரத்தில் இட்டால் விடை வந்துவிடும். இப்போது அதற்கு முன்பாக ஒரு படம் தேவைப்படுகிறது.

60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் லிப்டில் நிற்கிறார். லிப்ட் 2 மீ/வி² முடுக்கத்துடன் மேலே கிளம்புகிறது. தரை அவரை எவ்வளவு விசையுடன் தாங்குகிறது? சூத்திரத்தைத் தேடினால், கூட்டுவதா கழிப்பதா என்று பூவா தலையா போட்டுப் பார்க்க வேண்டியதுதான். லிப்டை மறந்துவிட்டு மனிதரை ஒரு புள்ளியாக வரை. அவரைத் தொடுவது எது? தரை. தொடாமல் இழுப்பது எது? பூமி. ஆக, இரண்டே அம்புகள். கீழ்நோக்கி எடை, 600 நியூட்டன் (புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்). மேல்நோக்கித் தரையின் செங்குத்து விசை. முடுக்கம் மேல்நோக்கி இருப்பதால் மேல் அம்புதான் பெரிது. எடையைவிட 60 × 2, அதாவது 120 நியூட்டன் பெரிது. விடை 720. பல மாணவர்கள் ‘லிப்டின் விசை’ என்று மூன்றாவதாக ஓர் அம்பு போடுவார்கள். அதை எந்தப் பொருள் கொடுக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். கொடுக்கும் பொருளைச் சொல்ல முடியாத விசையைப் படத்தில் சேர்க்காதே. லிப்ட் கீழ்நோக்கிக் கிளம்பினால் என்ன, கம்பி அறுந்தால் என்ன என்று அதே படத்தை வைத்து நீயே போட்டுப் பார்.

மூன்றாம் அலகான இயக்க விதிகளில் இருக்கும் அத்தனை கணக்குகளுக்கும் இப்படிப் படம் வரைந்துவிட்டு அடுத்த அலகுக்குப் போ. அவசரமே வேண்டாம்.

தருவிப்பதை மனப்பாடம் செய்வது தப்பு என்று சொல்லமாட்டேன், மதிப்பெண் அங்கேயும் இருக்கிறது. ஆனால் முடிந்ததும் நோட்டை மூடிவிடாதே. எறிபொருளின் கிடைத்தள நெடுக்கத்துக்கு, அதாவது எறிந்த பொருள் கிடையாகக் கடக்கும் தூரத்துக்கு, சமன்பாடு வந்துவிட்டதா? எறியும் கோணத்தை 90 பாகை ஆக்கிப் பார். நெடுக்கம் சுழி என்று வரும். நேர் மேலே எறிந்த பந்து காலடியில்தானே விழும்! சமன்பாட்டை இப்படி மடக்கி மடக்கிக் கேட்டுப் பழகியவனுக்குத் தேர்வில் கூட்டல் கழித்தல் குறி மாறினால் அங்கேயே உறுத்தும்.

உன் மேல் பழியில்லாத ஒன்றும் இருக்கிறது. இயற்பியலின் இரண்டாம் அலகு, இயக்கவியல், வெக்டரையும் (திசையும் சேர்ந்த அளவு) வகையீட்டையும் (மாறும் வீதத்தைக் காணும் கணக்கு) கேட்கிறது. கணிதப் பாடநூலில் அவை இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. தேவை முன்னால், பாடம் பின்னால்! இதை வரிசைப்படுத்தியவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லையோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கணிதமே எடுக்காமல் உயிரியல் படிப்பவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். எனவே கணித ஆசிரியருக்காகக் காத்திருக்காதே. வெக்டரைக் கூறுகளாகப் பிரிப்பது, சைன், கோசைன், எளிய வகையீடு, இவற்றை மட்டும் இந்த விடுமுறையில் தனியாக உட்கார்ந்து முடித்துவிடு. 24க்குப் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கும் என்பது என் ஊகம்.

செய்முறைக்கு 20 மதிப்பெண் என்பதால் அதை ஒப்புக்குச் செய்கிறார்கள். ஒரு கல்லில் நூலைக் கட்டி, தொங்குமிடத்திலிருந்து கல்லின் நடு வரை ஒரு மீட்டர் இருக்கும்படி வீட்டிலேயே தொங்கவிடு. ஓர் அலைவை மட்டும் கைப்பேசியில் அளந்தால் உன் விரல் தாமதமே விடையைக் கெடுத்துவிடும். 20 அலைவுகளை அளந்து வகுத்தால் அந்தப் பிழையும் 20ஆல் வகுபட்டு, அலைவு நேரம் 2 விநாடிக்கு மிக அருகில் வந்து நிற்கும். அளவீட்டியல் அலகில் பிழைகளைப் பற்றி இருக்கும் பக்கங்களை அதன் பிறகு படித்துப் பார்.

டியூஷன்? ஆசிரியர் பலகையில் கணக்குப் போட, நீ பார்த்து எழுதிக்கொள்ளும் இடமென்றால் பணம் வீண். உன்னைப் பலகைக்கு அழைத்துப் போடச் சொல்பவர் கிடைத்தால் சேர். அதற்கு முன் உன் பள்ளி ஆசிரியரிடமே மாலையில் கால் மணி நேரம் கேட்டுப் பார். பாதியில் நின்றுபோன கணக்குகளைப் படத்தோடு கொண்டுபோய் நீட்டு. ‘புரியவில்லை சார்’ என்று வெறுங்கையோடு நின்றால் அவருக்கும் எங்கே தொடங்குவதென்று தெரியாது.