தேவதைக் கதைக் காதலை இன்றைய சினிமா மறுபடி சொல்லும்போது எது உண்மையிலேயே நன்றாக வந்திருக்கிறது?

கேள்வியோடு இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: இளவரசி கையில் ஒரு வாளைக் கொடுத்துவிட்டால் பழைய கதை புதுக் கதை ஆகிவிடுமா என்று. ஆகாது. இந்த வகைப் படங்களை விரும்பித் தேடிப் பார்க்கிறவன் என்ற முறையில் எனக்குப் படுவதைச் சொல்கிறேன்.

பழைய கதைகளில் கல்யாணம் இருக்கிறது, காதல் அநேகமாக இல்லை. 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதிய சின்ட்ரெல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். விருந்து முழுக்க அவளை விட்டு நகராத இளவரசன், கடைசியில் ஒரு கண்ணாடிச் செருப்பை வைத்துத்தான் அவளைத் தேட வேண்டியிருக்கிறது. அவள் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் ஸ்னோ ஒயிட் இன்னும் மோசம். இளவரசன் அவளை முதன்முதலாகப் பார்ப்பதே கண்ணாடிச் சவப்பெட்டிக்குள். பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். சுமந்து போகிற வேலைக்காரர்கள் இடறுகிறார்கள், குலுங்கிய குலுக்கலில் தொண்டையில் சிக்கியிருந்த விஷ ஆப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது. அவள் கண் விழித்த கையோடு கல்யாணப் பேச்சு. நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும் அந்த முத்தம் கிரிம் கதையில் கிடையவே கிடையாது.

ஆக, இந்தக் கதைகளை மறுபடி எடுக்கிறவர்களுக்கு முதல் வேலை அந்த ஓட்டையை அடைப்பதுதான். இந்த இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் ஏன் பிடிக்கிறது? இவர்கள் எப்போது உட்கார்ந்து பேசினார்கள்? இதற்குப் பதில் வைத்திருக்கிற படம் எனக்குப் பிடித்துவிடும். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

என் முதல் இடம் 1998இல் வந்த 'எவர் ஆஃப்டர்' படத்துக்கு. ட்ரூ பேரிமோர் நடித்தது. சின்ட்ரெல்லா கதையைப் பதினாறாம் நூற்றாண்டு பிரான்சில் வைத்து, மந்திரத்தை முழுசாக எடுத்துவிட்டார்கள். தேவதை அம்மா இருக்க வேண்டிய இடத்தில் லியனார்டோ டா வின்சி இருக்கிறார். பூட்டிய அறையிலிருந்து அவளை வெளியே கொண்டுவர அவர் மந்திரக்கோலைத் தேடுவதில்லை, கதவின் கீலைக் கழற்றிவிடுகிறார். அந்தப் படத்தின் புத்தி முழுக்க அப்படிப்பட்டதுதான்.

நாயகி டேனியலுக்கு அப்பா கடைசியாகக் கொடுத்த புத்தகம் குறையில்லாத ஒரு நாட்டைக் கற்பனை செய்யும் தாமஸ் மோரின் 'உட்டோப்பியா'. கடனுக்காக விற்கப்பட்ட வேலைக்காரரை மீட்க, சீமாட்டி வேடம் போட்டுக்கொண்டு போகிறாள். இளவரசன் எதிரில் வந்ததும் அந்தப் புத்தகத்தில் படித்ததை வைத்தே அவனோடு வாதாடுகிறாள்: மக்களை வறுமையில் தள்ளித் திருடர்களாக்கிவிட்டு, பிறகு திருடினார்கள் என்று தண்டிப்பது என்ன நியாயம்? அவன் முதலில் மயங்குவது அந்தப் பேச்சில்தான். பிறகு இருவரும் ஒரு மடாலயத்து நூலகத்துக்குப் போகிறார்கள். அவளுக்கு இருக்கிற பிடிப்பில் ஒரு துளிகூடத் தனக்கு எதிலும் இல்லையே என்று அங்கே அவன் மனசு விட்டுச் சொல்கிறான். திரும்பும் வழியில் நாடோடிக் கூட்டம் ஒன்றிடம் மாட்டிக்கொள்கிறார்கள். உன்னால் சுமக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு போகலாம் என்று தலைவன் சொல்ல, அவள் இளவரசனையே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறாள்! எல்லோரும் இந்தக் காட்சியைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் நூலகக் காட்சி இல்லையென்றால் அது வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும் என்பது என் கட்சி.

இன்னொன்று. அவள் அவனிடம் சொல்லி வைத்திருப்பது தன் அம்மாவின் பெயரை. உண்மை தெரிந்ததும் எல்லோர் முன்னாலும் அவளை உதறிவிடுகிறான். சித்தி அவளை ஒருவனுக்கு விற்றுவிடுகிறாள். பிறகு இளவரசன் காப்பாற்ற ஓடிவருகிறான். அதற்குள் அவள் தன்னை விலைக்கு வாங்கியவனிடமிருந்து தானே தப்பி வெளியே வந்துகொண்டிருக்கிறாள். அவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே வேலை மன்னிப்புக் கேட்பது. அப்போதுதான் முதன்முறையாக அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். செருப்பு பொருந்துவதைவிட எனக்கு அது பெரிதாகப் பட்டது.

2015இல் கென்னத் பிரானா எடுத்த 'சின்ட்ரெல்லா' பழைய கதையை அவ்வளவாக மாற்றவில்லை. ஆனால் விருந்துக்கு முன்பே இருவரையும் காட்டில் குதிரை மேல் சந்திக்க வைத்துவிட்டார்கள். துரத்தப்படும் மானுக்காக அவள் பரிந்து பேசுகிறாள், அவன் தன்னை ஒரு தொழில் கற்கிற பையன் என்று சொல்லிக்கொள்கிறான். சின்ன மாற்றம்தான், படமே நிமிர்ந்துவிடுகிறது.

வாள் விஷயத்துக்கு வருகிறேன். 2012இல் வந்த 'ஸ்னோ ஒயிட் அண்ட் தி ஹன்ட்ஸ்மேன்' படத்தில் அவள் கவசம் அணிந்து படை நடத்துகிறாள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளைத் துயில் எழுப்புவது வேட்டைக்காரனின் முத்தம். செத்துப்போன மனைவியைப் பற்றி அவளருகில் உட்கார்ந்து அவன் பேசுவது உருக்கமான இடம். அந்தப் பேச்சைக் கேட்க அவளுக்கு உயிர் இல்லை, அதுதான் சிக்கல். விழித்திருந்தபோது இருவரும் அப்படிப் பேசியிருந்தால் நான் அந்த முத்தத்தை நம்பியிருப்பேன்.

இதற்கு நேர் எதிர் 2014இல் வந்த 'மலெஃபிசென்ட்'. தூங்கும் அழகியின் கதையை, அவளைச் சபித்த தேவதை மலெஃபிசென்ட்டின் பக்கமிருந்து சொல்கிற படம். தூங்குகிறவளை இளவரசன் பிலிப் முத்தமிடுகிறான், ஒன்றும் நடக்கவில்லை. ஒரே ஒரு முறை பார்த்தவன் முத்தத்தில் எங்கிருந்து உண்மைக் காதல் வரும்? தொட்டிலிலிருந்து அவளைத் தொலைவில் நின்று பார்த்துக்கொண்டே இருந்த மலெஃபிசென்ட் நெற்றியில் முத்தமிட்டதும்தான் அவள் விழிக்கிறாள். காதலை எடுத்துவிட்டார்கள் என்று இந்தப் படத்தைச் சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்புக்குக் காலம் வேண்டும் என்று பழைய கதையிடமே கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' மட்டும் விதிவிலக்கு. 1756இல் பிரெஞ்சு எழுத்தாளர் போமோன் எழுதிய வடிவத்திலேயே விலங்கு தினமும் இரவு உணவு நேரத்தில் வந்து நாயகியோடு பேசுகிறது, கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று கேட்கிறது, அவள் மாட்டேன் என்கிறாள். அங்கே அடைக்க ஓட்டை இல்லை. 2017 படத்தில் இரண்டு பேரையும் வாசகர்களாக்கியது நல்ல யோசனை. அவளுக்கு 'ரோமியோ ஜூலியட்' பிடிக்கும் என்றால் அவன் முகம் சுளிக்கிறான். காதல் அங்கேதான் துளிர்க்கிறது.

2009இல் வந்த 'தி பிரின்சஸ் அண்ட் தி ஃபிராக்' படத்தையும் விட்டுவிடாதீர்கள். அதில் நாயகி, இளவரசன் இருவருமே தவளைகளாகிவிடுகிறார்கள். சதுப்பு நிலத்தில் அவள் அவனுக்குக் காளான் நறுக்கக் கற்றுக்கொடுக்கிறாள், வாழ்நாளில் எந்த வேலையும் செய்யாத இளவரசனுக்கு! கடைசியில் தவளைகளாகவே இருந்துவிடலாம் என்று முடிவு செய்து கல்யாணம் செய்துகொள்கிறார்கள், அதற்குப் பிறகுதான் மனித உருவம் திரும்புகிறது. கிரிம் கதையில் இளவரசி தவளையைச் சுவரில் வீசி எறிவாள், அது இளவரசனாகிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் சொல்ல வருவது புரியும்.

எதில் தொடங்கலாம் என்றால், 'எவர் ஆஃப்டர்' பாருங்கள். பிடித்திருந்தால் அடுத்து தவளைக் கதை.