லோக்கல் பிரிஃபரன்ஸ், எம்இடி: எது எந்தப் பக்கம்?

நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று ரூட்டுகளைச் சொல்லிக்கொள்ளும் பிஜிபியில் (BGP) பாதையைத் தேர்ந்தெடுக்க லோக்கல் பிரிஃபரன்ஸ் இருக்கும்போது எம்இடி (MED) எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்வில் பலரும் தடுமாறும் இடம் இது.

டிராஃபிக் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். லோக்கல் பிரிஃபரன்ஸ் நம் ஏஎஸ்ஸை (AS, ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள நெட்வொர்க்) விட்டு வெளியே போவதற்கு. எம்இடி, பக்கத்து ஏஎஸ் நம்மிடம் எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று நாம் சொல்லும் வேண்டுகோள். அவர்கள் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நம் ஏஎஸ் எண் 65001 என்று வையுங்கள். நம் ரௌட்டர்கள் ஆர்1, ஆர்2 இரண்டும் பக்கத்து ஏஎஸ் 65010-உடன் இணைந்திருக்கின்றன. ஆர்1-இல் வரும் ரூட்டுகளுக்கு லோக்கல் பிரிஃபரன்ஸ் 200 கொடுத்தால், ஐபிஜிபி (ஏஎஸ்ஸுக்குள் ஓடும் பிஜிபி) வழியாக அது ஆர்2-க்கும் தெரியும். இயல்பு மதிப்பு 100, பெரியதே வெல்லும் என்பதால் எல்லாரும் ஆர்1 வழியாகவே வெளியேறுவார்கள். உள்ளே வருவதும் ஆர்1 வழியாக வேண்டுமா? ஆர்1-இலிருந்து எம்இடி 50, ஆர்2-இலிருந்து 100 என்று அனுப்புங்கள். இங்கே சிறியதுதான் வெல்லும். மாற்றிப் போட்டு மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

சிஸ்கோ ரௌட்டர்களில் உள்ள வெயிட், பாத் அட்ரிபியூட்டே (ரூட்டோடு சேர்த்து அனுப்பப்படும் விவரம்) அல்ல. அந்த ரௌட்டரைத் தாண்டி எங்கும் போகாது. ஆனால் ஒப்பீட்டில் அதுதான் முதலில். அப்புறம் லோக்கல் பிரிஃபரன்ஸ், சொந்த ரூட் (அந்த ரௌட்டரே உருவாக்கியது), ஏஎஸ் பாத் (கடந்து வந்த ஏஎஸ்களின் பட்டியல்) நீளம், ஆரிஜின் (ரூட் பிஜிபிக்குள் வந்த விதம்), அதன் பிறகே எம்இடி. அதுவும் இரண்டு ரூட்டும் ஒரே பக்கத்து ஏஎஸ்ஸிலிருந்து வந்தால்தான் வழக்கமாக ஒப்பிடப்படும்.

சரி, ரூட்டோடு இருந்தே ஆக வேண்டிய கட்டாய அட்ரிபியூட்டுகள்? ஆரிஜின், ஏஎஸ் பாத், நெக்ஸ்ட் ஹாப் (அடுத்து அனுப்ப வேண்டிய முகவரி) மூன்றுதான். லோக்கல் பிரிஃபரன்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை.